நடுரோட்டில் போட்ட கூடாரம்

என் பாசத்துக்குரிய மச்சான் சேகர்,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறோம். உன் அக்காவுக்கு முட்டிதான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தெருவில் கூடாரம் போடும் வியாபாரமும் ஓடுகிறது. நம்ம பொந்தியான் ஊரில் இப்போது கல்யாணத்துக்கு வெள்ளைத் துணியும் தொங்கு விளக்கும்தான் கேட்கிறார்கள். நீ பார்த்த நீலத் தார்ப்பாய் சாவு வீட்டுக்கு மட்டும் போகிறது.

இப்போது எழுத உட்கார்ந்தது உன் மகள் ரேணுகாவைப் பற்றிச் சொல்லத்தான். போரை நிறுத்தச் சொல்லி அவள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள், மச்சான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிக்காதே.

வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷம் நீயும் உன் கூட்டாளிகளும் இப்படித்தான் ரோட்டை மறித்தீர்கள். அன்றைக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நமக்குள் வந்த சண்டை ஞாபகம் இருக்கா? "ஜாம்ல மாட்டினவன் போரையா திட்டுவான்? உன்னையத்தான் திட்டுவான்," என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "திட்டட்டும் மச்சான், திட்டு வாங்கினாத்தான் வேலை நடக்கும். நீங்க வாராவாரம் ரோட்டை அடைச்சுத்தானே சம்பாதிக்கிறீங்க? நான் ஒரு நாள் அடைச்சா தப்பா லா?" என்றாய். உன் அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

ஆனால் நான் அடைப்பதற்கு ஒரு முறை உண்டு, மச்சான். நம்ம வீட்டுக் கல்யாணமோ, மலாய்க்காரர் கெந்தூரி விருந்தோ, சீனர் வீட்டு இழவோ, எதுவானாலும் முதல் நாளே தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் வழி விட வேண்டும். அக்கம்பக்கத்துக்குச் சாப்பாடு போக வேண்டும். அப்புறம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், காரைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வருவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தன் என்னைத் திட்டியதில்லை.

போன மாசம் ரேணுகா வந்தாள்.

"மாமா, காஸா போரை நிறுத்தச் சொல்லி ஞாயித்துக்கிழமை உட்காரப் போறோம். கூடாரம் வேணும்."

"திடல்லதானே? போட்டுடலாம்."

"திடலுக்குத்தான் போலீஸ் அனுமதி. ஆனா ரோட்ல உட்காரப் போறோம்."

"அலமாக்! ஏன்மா?"

"திடல்ல நின்னா யாரு மாமா பார்ப்பா? புல்லு வெட்றவரா?"

அவள் விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் ஏறி, இரண்டாவது பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் அந்த வேலைதான் சோறு. "போலீஸ்ல பேர் ஏறினா அந்தப் பக்கம் பர்மிட்ட புடுங்கிருவான். அப்புறம்?" என்றேன்.

"அப்பா இருந்தா கூட வந்திருப்பாரு."

"உங்கப்பாகிட்ட சிங்கப்பூர் பர்மிட் இல்லம்மா."

உன் அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அது மலாய்க்காரங்க பார்த்துக்குவாங்க. உனக்கு எதுக்குடி?"

"வன்னிச் சண்டையப்போ நம்மளப் பத்தியும் இப்படித்தான் சொன்னாங்களாம், அத்தை. அப்பா சொல்லியிருக்காரு."

உன் அக்கா வெளியே வந்து அவளுக்கு ஒரு தட்டு வைத்தாள்.

தடுத்தால் கூடாரம் இல்லாமலே போய் வெயிலில் உட்காருவாள் என்று தெரிந்துவிட்டது. அதனால் பேரம் பேசினேன். கூடாரம் தருகிறேன், ஆனால் என் முறைப்படிதான் ரோட்டை அடைக்க வேண்டும். ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நானே கடை கடையாகப் போய்ச் சொன்னேன். ஞாயிறு காலை நீலத் தார்ப்பாய் ஏறியது. மலாய் ஆசிரியர்கள், சீனப் பிள்ளைகள், மாதா கோவில் இளைஞர்கள் என்று நாற்பது பேர் இருக்கும். ஆம்புலன்ஸுக்கு ஓரமாக வழி விட்டு, ஆரஞ்சுக் கூம்பு வைத்தேன். மாட்டிக்கொண்ட வண்டிகளுக்கெல்லாம் ஐஸ் போட்ட இனிப்புச் சிராப் தண்ணீர் அனுப்பினேன். வாங்கிக் குடித்தார்கள், கை காட்டினார்கள், போனை நோண்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

ரேணுகா முகம் கடுகடு என்று இருந்தது. "மாமா, கல்யாண வீடாக்கிட்டீங்க! ஒருத்தருக்காவது கோபம் வந்துச்சா? எதுக்கு உட்கார்ந்திருக்கோம்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

அந்த நேரம் பார்த்து வந்தான் தங்கராஜு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சிராப்பைக் கையால் தள்ளிவிட்டு இறங்கினான்.

"ஏம்மா, நீ இங்க குந்திக்கிட்டா அங்க குண்டு நின்னுருமா?"

"நிக்காதுண்ணே."

"அப்புறம் என்னாத்துக்கு என் வழிய மறிக்கிற? குலை வாடுது!"

"அங்க பிள்ளைங்க சாகுதுங்கண்ணே. ஒரு மணி நேரமாவது நம்ம வேலை நிக்கட்டும்னுதான்."

"சாகுது, சாகுது! எனக்கும் தெரியும். நான் என்னா பண்ணட்டும்? சொல்லு, நான் என்னா பண்ணட்டும்?"

கத்திக் கத்தி அவன் குரல் உடைந்தது. லாரிக்குத் திரும்பவும் இல்லை. கூடாரத்து ஓரத்திலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு போலீஸ் வந்தது. சார்ஜெண்டுக்கு என்னைத் தெரியும், அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் கூடாரம் போட்டேன். மலாயில் கேட்டார்: "அங்கிள், இது யார் வீட்டுக் கெந்தூரி?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அனுமதி திடலுக்கு மட்டும்தான், உடனே எழுந்திருக்காவிட்டால் எல்லோர் அடையாள அட்டையையும் வாங்க வேண்டியிருக்கும் என்றார்.

ரேணுகா எழுந்திருக்கவில்லை. கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மச்சான்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "இது கெந்தூரி இல்லை துவான், சாவு வீடு. பிணம் எடுப்பதற்கு முன்னால் கூடாரத்தை எப்படிப் பிரிக்கிறது?" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

"பிணம் எங்கே அங்கிள்?"

"நிறைய இருக்கு துவான். இங்கே கொண்டுவரத்தான் முடியலை."

அவர் நிமிர்ந்து அந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்தார். அப்புறம், "அரை மணி நேரம். அதுக்கு மேல முடியாது. பொறுப்பாளர் யார்?" என்றார். ரேணுகா வாயைத் திறப்பதற்குள் என் அட்டையை நீட்டிவிட்டேன். கூடாரம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, நன்றாகத் திட்டி, எச்சரித்து அனுப்பினார்கள். வேறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை உன் மகள் வழக்கம்போல பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால், "என் பேரை நானே சொல்லியிருப்பேன் மாமா," என்று முறைத்துவிட்டுப் போனாள். நான் செய்தது சரியா, மச்சான்? நீயாக இருந்தால் அவளைச் சொல்ல விட்டிருப்பாயோ?

போர் நின்றதா என்று கேட்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமையால் ஒரு குண்டுகூடக் குறைந்திருக்காது. இதில் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று பார்த்தேன். தினமும் காலையில் நான் ரொட்டி சானாய் சாப்பிடும் கடையில் தங்கராஜுவும் சாப்பிடுவான். சிராப் குடித்த ஒருத்தரும் அந்த நாளைப் பற்றிப் பேசக் காணோம். இவன் மட்டும் ஒரு வாரம் விடவில்லை. "ரோட்ல குந்துறாளாம்" என்று ஆரம்பித்தால், பக்கத்து மேசைக்காரன் ஏதாவது சொல்ல, இவன் போனை எடுத்து அங்கே இடிந்து கிடக்கும் ஆஸ்பத்திரியைக் காட்ட, கடைக்கார மாமக் பாய் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்க்க, ஒரே சண்டை. என் வியாபாரத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறவன் திரும்பி வர மாட்டான். துணியைத் தடவிப் பார்த்து, குறை சொல்லி, கத்துகிறானே, அவன்தான் மனசில் வாங்கிக்கொண்டவன்.

ஆக, திட்டு வாங்கினால்தான் வேலை நடக்கும் என்று நீ சொன்னதில் பாதி உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி என்னுடையது. அன்றைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது, நிற்காமல் போனது. அது மட்டும் மாட்டியிருந்தால் தங்கராஜு பேசியிருக்கும் பேச்சே வேறு. நீங்கள் அன்றைக்கு வழி விட்டீர்களா, மச்சான்? கேட்காமலே விட்டுவிட்டேன்.

ரேணுகா மறுபடியும் உட்காரப் போகிறாளாம். இந்த முறை சிராப் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி என்றேன். திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது, அது உன் வாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளைப் போகாதே என்று இனிமேல் சொல்ல மாட்டேன். அவள் எந்த ரோட்டில் உட்கார்ந்தாலும் போலீஸ் வரும் பக்கமாக என் நாற்காலி கிடக்கும். தன் பேரைத் தானே சொல்வேன் என்று அவள் எழுந்தால், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அதுதான் எனக்குக் கஷ்டம், ஆனாலும் நிற்பேன்.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன் மகளுக்கு மாமன்.