கட்டை விரலுக்கு ஒரு தேதி

நண்பா,

இன்று காலை உன் மணிக்கட்டுப் பட்டையைத் துவைத்துக் காயப் போட்டேன். வலது கைக்கானது, உள்ளே ஒரு தகடு, வெளியே ஒட்டிப் பிரிக்கிற நாடா. எத்தனை முறை துவைத்தாலும் நீ தடவிக்கொண்டிருந்த தைலத்தின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. அந்தத் தைலம் உன் நரம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. துணியில் மட்டும் நன்றாக வேலை செய்திருக்கிறது.

பட்டை என்னிடம் வந்த கதை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு உன் வியாதி எனக்கு வந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு மட்டும் விலக்கு. விடியும் நேரத்தில் கை மரத்துப்போய் விழித்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து உதறிக்கொண்டிருப்பேன். என் மனைவி இதைக் கீழே உன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றே உன் மனைவி ஸ்டெல்லா பட்டையோடு மாடியேறி வந்துவிட்டார்.

"இத கட்டிகினு தூங்குங்கண்ணா, மரமரப்பு கொறையும். ஆனா இத நம்பிகினு உக்காந்துராதீங்க. அவரு அப்டித்தான் உக்காந்துகினு இருந்தாரு."

சேக்காட்டில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. ஆவடியில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவோம். அங்கிருந்து நீ தொழிற்பேட்டை எஸ்டேட்டில் உன் பட்டறைக்கு, நான் என் கணக்குப் பிரிவுக்கு. நாள் முழுக்க நீ பிடித்திருந்த, இரும்பு தேய்க்கிற கிரைண்டர் அதிரும். ஞாயிற்றுக்கிழமை அதே கையால் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பாய். இரண்டில் எது உன் வேலை என்று கேட்டால் நீ யோசிக்கவே மாட்டாய்.

ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடித்து நிற்கும்போதுதான் முதலில் கவனித்தேன். பிடிப்பாய், விடுவாய், உதறுவாய்.

"ஏம்லே கைய இப்படி உதறுத? தண்ணியா?"

"தண்ணியா இருந்தா தொடச்சிக்க மாட்டேனா அண்ணாத்தே? உள்ள எறும்பு ஊர்ந்துகினு கீது."

எறும்பு என்னவென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் நடுவே குறுகலான வழி. அதற்குள் தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. காலை நேரத்து ஆவடி ரயில் மாதிரி என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. முதலில் பட்டை, பிறகு ஊசி. ஊசி போட்டுச் சில மாதம் சுகமாக இருந்தாய். மறுபடி எறும்பு வந்தபோது மருத்துவர், தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் விட வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். நீ நாட்காட்டியை எடுத்தாய்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கீபோர்டுக்கு அதிக வேலை இல்லை, அப்போது பண்ணிக்கொள்கிறேன் என்றாய். தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்குச் சுருதி யார் கொடுப்பது என்றாய். அது முடிந்தால் ஈஸ்டர். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ஈஸ்டருக்குப் பிறகு எல்லாக் கல்யாணங்களும் வரிசையில் நின்றன. மே மாதம் மாதாவுக்கு, ஜூன் திரு இருதயத்துக்கு, ஆகஸ்டில் விண்ணேற்பு, செப்டம்பரில் கொடியேற்றம், அக்டோபரில் ஜெபமாலை, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல். ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட வருஷத்தில் ஏதோ ஒரு நாள் நல்ல நாள் என்று ஒப்புக்கொள்வார்கள். உன் திருவழிபாட்டு ஆண்டில் மணிக்கட்டுக்கு ஒரு நாளும் இல்லை.

"ஆண்டவருக்கு அவ்ளோ அவசரமாலே?" என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னா அவசரம்? கொயர் மாஸ்டருக்குத்தான்" என்றாய்.

சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நீ ஒரு காலை வேலைக்குக் கிளம்பத் தாமதமானபோது, ஸ்டெல்லா உன்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டார். அது ஆகஸ்ட் மாதம். விண்ணேற்புப் பூசைக்குக் கீபோர்டு இல்லாமல் பாடினார்கள். மாதா வழக்கம்போல் விண்ணேறினார்.

கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வை, இல்லாவிட்டால் வீங்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் கட்டுப் போட்ட கையைத் தூக்கியபடி வந்தாய். வாசலில் இறங்கி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"எதுத்தாப்ல ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கினு தலைய குனிஞ்சிச்சு. நான் இன்னா பண்றது? ஆசீர்வாதம் பண்ட்டேன்."

எறும்பு உடனே போய்விட்டது. வெகுகாலத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாய். நான் உன்னைப் பாராட்ட வந்தபோது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தாய். கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. விரலை நிமிர்த்தி, என்னை அழுத்தச் சொன்னாய். சும்மா தொட்டேன், சாய்ந்துவிட்டது.

"தூக்கம் வந்துச்சு அண்ணாத்தே. கட்டை விரல் வர்ல."

நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் உணர்ச்சி திரும்பலாம், சதை திரும்பும் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அப்புறம் நீ செய்ததை யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. தெரிந்த பாட்டையெல்லாம் வலது கட்டை விரல் இல்லாமல் வாசிக்கிற மாதிரி, விரல் மாற்றி மாற்றிப் பழகினாய். மாலை வேளைகளில் தரை வழியாக மேலே கேட்கும்: பாட்டின் ஒரே அடி, திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில் தடுக்கி. மறு ஈஸ்டர் பூசைக்கு ஸ்டெல்லா என்னையும் அழைத்தார். 'உன்னதங்களிலே' பாட்டு வந்தது, மணிகள் அடித்தன, நீ நான்கு விரலால் வாசித்தாய். வெளியே வந்து உனக்குக் கை கொடுத்தேன். உன் முகம் தொங்கியிருந்தது.

"தப்பே வரலியேலே, அப்புறம் என்ன?"

"ஒருத்தனுக்கும் தெர்ல. எத்தினி வருசமா அஞ்சு வெரலால வாசிச்சேன். நாலே போதும்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. அதான் பேஜாரு."

அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. அது எந்த நாட்காட்டியையும் பார்க்கவில்லை. உன் அடக்கப் பூசையில் வேறொருவர் வாசித்தார். அவருக்குக் கட்டை விரல் நன்றாக இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் என் கைக்கு வைத்தியம் சொல்லாதவர் இல்லை. ஒருவர் வைட்டமின் என்றார். ஒருவர் மாங்காட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரின் நம்பரைக் கொடுத்தார். கம்ப்யூட்டரால் வருவது என்று ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். கொஞ்ச நாள் உன் பட்டையோடு ஓட்டினேன். பிறகு நரம்புச் சோதனை. சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்துப் பார்த்தார்கள்.

மருத்துவர் இளம்பெண். இரண்டு வழி இருக்கிறது என்றார். உள்ளங்கையில் சின்னதாகக் கீறித் திறந்து வெட்டுவது ஒன்று. சிறு துளை வழியாகக் கேமரா விட்டு வெட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் செய்கிறவருக்கு நல்ல பழக்கம் வேண்டும், செலவும் கூடும்.

"எது நல்லது?"

"ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான் சார். எதைப் பண்றோம்ங்கறதைவிட எப்பப் பண்றோம்ங்கறதுதான் முக்கியம்."

"ஆடிட் முடிஞ்சதும் பண்ணிக்கிடலாமா?"

அவர் என் கட்டை விரலை நிமிர்த்தச் சொல்லி, தன் விரலால் அழுத்தினார். நின்றது, ஆனால் நடுங்கியது. அடிச்சதையைத் தொட்டுக் காட்டி, "இங்க இளைக்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். ஆடிட்டுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வருமான வரி வரும், காலாண்டு வரும், மார்ச் வரும். எங்கள் கணக்குப் பிரிவிலும் மணிக்கட்டுக்கு நாள் கிடையாது. உன் மேஜைமேல் மல்லாந்து கிடந்த கை கண்ணுக்குள் வந்தது. அடுத்த வாரமே என்றேன்.

திறந்துதான் செய்தார்கள். கை மட்டும் மரத்தது, நான் விழித்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவரும் நர்சும் பூந்தமல்லி சாலையின் பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்தது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இரு, நனைக்காதே, கனம் தூக்காதே. இடது கையால் சாப்பிட்டேன். மனைவி சாதம் பிசைந்து ஸ்பூனோடு வைத்தாள், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். தையல் பிரித்தார்கள். உள்ளங்கையின் இரு ஓரமும் ஊன்றினால் இன்னும் வலிக்கிறது. சில மாதத்தில் போகுமாம், பிடிமானமும் அதற்குள் வருமாம். அலுவலகத்தில் ஆடிட் நான் இல்லாமலே நடந்து முடிந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. நீ அன்று சொன்னது எனக்கு அப்போது பாதிதான் புரிந்திருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தார். தழும்பைப் பார்த்தார். அது போதவில்லை.

"வெரல நிமுத்துங்கண்ணா."

நிமிர்த்தினேன். மருத்துவர் மாதிரியே தன் விரலை வைத்து அழுத்தினார். மருத்துவரைவிட அதிகமாகவே அழுத்தினார். உள்ளங்கை வலித்தது, விரல் சாயவில்லை. அவர் விரலை எடுக்கவும் இல்லை.

"நிக்குது" என்றார் கடைசியில். "அவருக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி நான் தேதி வாங்கியிருக்கணும்ணா."

நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று சொன்னேன். அது உண்மைதான். அது அவருக்கு உதவவில்லை என்பதும் தெரிந்தது.

என் விரலில் இருக்கிற இந்த பலம் நீ கொடுத்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. நீ தள்ளிப்போட்டதைப் பார்த்தேன், நான் தள்ளிப்போடவில்லை. இப்படி ஒருவன் கெட்டு இன்னொருவன் தேறுவது நல்ல ஏற்பாடு அல்ல. வேறு ஏற்பாடு நமக்கு வாய்க்கவில்லை.

இடது கையிலும் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. களைப்பாக இருக்கிறது, நண்பா. மறுபடி அந்தக் கட்டு, அந்த ஸ்பூன். தேதி வாங்கிவிட்டேன். மார்ச் கடைசி வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கிற அதே வாரம்.