ஷில்பா கோயம்புத்தூர் போகிறாள்

சாந்தோம், சென்னை-4
12.7.1998

அன்புள்ள மேத்யூவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் டாடியும் உன் தங்கச்சியும் சௌக்கியமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். டாடிக்கு இருமல் விட்டுவிட்டது. கீழ்வீட்டு ரத்னா உன்னை விசாரித்தாள், அவள் பெண்ணுக்கு அடையாறில் வரன் முடிவாகியிருக்கிறது.

ஷில்பாவை எங்கேயும் வெளியூர் அனுப்பாதீர்கள், பீச் ரோட்டு கவர்மென்ட் காலேஜிலேயே பாட்டனி சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதுதான் எண்ணம், அங்கே இடமும் கிடைத்துவிட்டது. போலியோ வந்த காலில் இரும்புப் பட்டை போட்ட ஷூவோடு நடக்கிற பிள்ளை, பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் பையை நான்தான் தூக்கிக்கொண்டு கூடவே போனேன், காலேஜுக்கும் அப்படியே போய்வரலாம் என்று இருந்தேன். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விவசாயம்தான் படிப்பேன், கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். பீச் ரோட்டு காலேஜுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லம்மா, ஆனா அங்க போனா நான் உன்கூட பதிமூணாங்கிளாஸ் படிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கவுன்சிலிங்குக்குக் கார்டு வந்ததும் டாடிதான், "பாக்காமலே வேணாம்னு சொல்லாத ஃப்ளோரா, ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வா" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடம் எவ்வளவு பெரிசு என்று பார்த்தால் அவளே பயந்து வேண்டாம் என்பாள் என்ற நினைப்பில்தான் ரயில் ஏறினேன்.

கவுன்சிலிங்குக்கு முந்தின நாளே போய்விட்டோம். பெரிய பெரிய மரங்கள், தூரத்தில் ஹாஸ்டல், அதையும் தாண்டி வயல், பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில் பறக்கிறார்கள். இதில் இவள் எப்படி நடப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். ஜஹனாரா என்று ஒரு மூன்றாம் வருஷத்துப் பெண், நல்ல சிரித்த முகம், தானாகவே வந்து பேசினாள், வயல் வரைக்கும் காட்டுகிறேன் என்றாள். நான் எழுந்திருக்கப் போனேன், ஷில்பா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு "நீ இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டு அவளோடு போய்விட்டாள். ரொம்ப நேரமாகியும் வரவில்லை. ஜெபமாலையை எடுத்தேன், மனசு ஒட்டவில்லை, கடைசியில் தேடிக்கொண்டு நானே போனேன். அங்கே பார்த்தால் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள், பாவாடை முழுக்கச் சேறு, ஷூவின் பட்டையெல்லாம் சேறு. விழுந்துவிட்டாளாம். நான் அலறிக்கொண்டு ஓடினால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். "ஆன்ட்டி, முதல் வருஷம் இந்த வரப்புல விழாதவங்க யாருமே இல்ல, நானே ரெண்டு தடவை விழுந்தேன்" என்றாள் அந்தப் பெண். தூக்கிவிட்டாயா என்று கேட்டேன். "கை குடுத்தேன் ஆன்ட்டி, வேணாம்னுட்டா, அவளேதான் எழுந்து வந்து உக்காந்தா" என்றாள். மேத்யூ, நம் வீட்டில் அவள் விழுந்தால் தரையில் படுவதற்கு முன்னே நாம் நாலு கை நீட்டுவோம். அவளுக்குத் தானாக எழுந்திருக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் கவுன்சிலிங்கில் அந்த அதிகாரி ரொம்ப நல்ல மனுஷர், அவள் காலைப் பார்த்துவிட்டு என்னிடம், "மதுரை விவசாயக் காலேஜ்லயும் இடம் இருக்கு, இங்கயும் இருக்கு, பாப்பாவுக்கு எது வசதிம்மா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் சார், ஊரிலேயே இடம் இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "அவளையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "கோயம்புத்தூர் சார்" என்றாள். வெளியே வந்து நான் அழுதேன், அவள் கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்து வந்தாள், கொஞ்சம்கூடச் சிந்தவில்லை.

அடுத்த மாதம் கிளம்புகிறாள். டாடி இப்போதே பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டார். நீ கோபித்துக்கொண்டு எதுவும் எழுதிவிடாதேப்பா, பயம் எனக்கும் இருக்கிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. அந்தோணியார் உன்னைக் கைவிட மாட்டார், நீ நல்லா இருப்பாய். அங்கே வெள்ளிக்கிழமைதானே லீவு, அன்றைக்குப் பூசைக்குப் போகாமல் இருக்காதே. இன்னொன்று, எனக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் 'ஷில்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று ஒரு வரி எழுதுவாயே, இனிமேல் அது வேண்டாம். ஹாஸ்டல் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, அவளுக்குத் தனியாக எழுது.

உன் அன்பு அம்மா,
ஃப்ளோரா பவுல்சாமி