ஏழாம் எண் கிடா

12.5.2003, திங்கள்

பண்ணையிலிருந்து கழிக்க வேண்டிய ஆட்டுக் கிடாக்களின் பட்டியலை நாளைக் காலை டாக்டர் சாரிடம் கொடுக்க வேண்டும். அதில் ஏழாம் எண்ணைச் சேர்த்தது நான்தான். போன வாரம் அதனிடம் எடுத்த விந்தில் பாதிக்கு மேல் அசைவே இல்லை. பட்டியலில் ஏறிவிட்டால் அது கறிக்கடைக்குத்தான் போகும்.

அதே கிடாவிடம் ஐப்பசியில் எடுத்து உறைய வைத்த விந்தை இன்று உருக்கிப் பார்த்தேன். ஆறு மாதம் திரவ நைட்ரஜனில் கிடந்தது, நுண்ணோக்கியில் ஈசல் மாதிரி மொய்க்கிறது.

கிடாக்களைப் பார்த்துக்கொள்ளும் மண்ணூர் தனம் அக்காவிடம் சொன்னேன். சிரித்தார்.

"நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு வந்து, இந்த வெயில்ல எங்க வூட்டுக்காரரே சுருண்டு படுத்துக்கினு கீறாரு. வாயில்லா சீவன் இன்னாம்மா பண்ணும்?"

வெயில் காலத்தில் கிடாவுக்கு ஹார்மோன் குறையும் என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் மூன்றாம் எண்ணுக்கும் இதே வெயில்தானே? அது சோர்ந்து போகவில்லையே. அப்படியானால் குறை பருவத்திலா, கிடாவிலா? அல்லது ஏழாம் எண் என் துப்பட்டாவில் தலையை உரசுகிறது என்பதற்காக நான் காரணம் தேடுகிறேனா?

பட்டியல் படிவத்தில் எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, காரணத்துக்கு இருக்கிறது, மாதத்துக்கு இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'சோதித்தது சித்திரையில்' என்று எழுதியிருக்கிறேன். ஏழாம் எண்ணை அடித்து நீக்கவில்லை. ஆதாரம் போதவில்லையா, எனக்குத் துணிச்சல் போதவில்லையா, அதுவும் தெரியவில்லை.