துணி மூட்டைக்குள் அடித்த போன்

என்னங்க,

உங்களுக்கும் சின்னவளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

தையல் கம்பெனியில் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி என் அறையிலேயே துணி ஆல்டர் செய்கிற கடை. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு இலவசமாக வழி சொல்லும் அலுவலகம் ஒன்று இருக்கிறது, போனேன். அங்கே ஆலோசகர் அம்மா என் தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை நல்லா பேசுது, வாய் பேசுமா? நாளைக்கு வாடிக்கையாளர் மாதிரி நான் போன் பண்றேன், நீ கடைக்காரியா பேசு" என்றார்.

கேட்டால் சிரிப்பீர்கள். மறுநாள் மணி அடித்ததும் போனைத் துணி மூட்டைக்குள் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே அது அடிக்க, மேலே என் நெஞ்சு அடித்தது. இத்தனை வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்தியவளுக்கு மனுஷர்களோடு பேச வருமா? அந்த அம்மா மறுபடி கூப்பிடுவார், விடுகிற ஆள் இல்லை.

என் பழைய இஞ்ச் டேப்பை அனுப்பி வையுங்கள். இங்கே வாங்கியது கைக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் யாரோ மாதிரி கூப்பிட்டு, பேன்ட் நீளம் குறைக்க எவ்வளவு என்று கேளுங்கள். நான் திக்கினாலும் வைத்துவிடாதீர்கள். சின்னவளை மட்டும் அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் குரல் கேட்டால் கடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பி வந்துவிடுவேன்.

கம்பெனியில் மெஷின் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், சூப்பர்வைசர் வருகிறார்.

உங்கள் வீட்டுக்காரி