பின்பிரேக் மாற்றிய வாரம்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. காரின் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். மழைத்தண்ணீர் என்று விரலை வைத்தால் வழவழப்பு. பிரேக் ஆயில். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மத்தியானம் சோற்றிலும் அதே வாடை.

கொஞ்ச நாளாகப் பெடல் ஆழமாக இறங்கியது இதனால்தான். ஊர்ந்து ஊர்ந்து அம்மாப்பேட்டை போய் பாஸ்கர் பட்டறையில் விட்டேன். டிரம்மைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்புச் சேறு. சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ ஊறிப்போயிருக்கிறது. இரண்டு பக்கமும் புதுசு போட்டால் சரியாகிவிடும், சாமான் வர வியாழன் ஆகும் என்றார். பஸ்ஸில் திரும்பினேன்.

திங்கட்கிழமை மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். மாமாவும் அத்தையும் இந்த வண்டியில்தான் போக வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னேன். இவருடைய தம்பி ரமேஷ், துபாயிலிருந்து லீவில் வந்திருப்பவன், சிரித்தான். "இன்னும் டிரம்மா? அங்கெல்லாம் நாலு பக்கமும் டிஸ்க்குதான் அண்ணி. பின்னாடியும் டிஸ்க்கா மாத்திருவோம்." தஞ்சாவூரில் யாரோ நண்பனிடம் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய செட் இருக்கிறதாம். எங்கள் வண்டியைவிடப் பெரிய வண்டியுடையது. செத்த வண்டியின் பிரேக். மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே பேசுகிறான்.

இவர் அப்பளம் கேட்டார்.

அக்டோபர் 8, புதன்

பஸ்ஸில் போய் நர்ஸ் டியூட்டி. சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கூட்டம். வழியில் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் நனைந்து முளைவிட்டுக் கிடக்கின்றன. புளித்த நாற்றம் பஸ்ஸுக்குள் வருகிறது. யாரும் எடுக்க வரவில்லை.

பிரேக் விஷயம். டிரைவர் சட்டென்று பிரேக் போட, நின்றுகொண்டிருந்த எல்லோரும் முன்னால் போய் மோதினோம். இதுதானே கணக்கு. நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் வண்டிக்கு இன்ஜினும் முன்னால், இழுக்கிற சக்கரமும் முன்னால். பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பிரேக் போட்டால் இன்னும் லேசு. அங்கே பெரிய வண்டியின் பிரேக்கை வைத்தால் பின்சக்கரம் முதலில் இறுகிப்போய் வழுக்கும், வண்டி திரும்பிக்கொள்ளும். சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி வேறு. செலவு செய்தே தீர வேண்டும் என்றால் முன்னால் நல்ல பிரேக் பேட், நல்ல டயர். பின்னால் கசியாத டிரம் போதும்.

இதையே வீட்டில் சொன்னேன். ரமேஷ்: "நீங்க ஊசி போடுங்க அண்ணி. வண்டிய எங்ககிட்ட விட்டுடுங்க."

இவர் சிரித்தார். அவன் பேச்சைவிட இந்தச் சிரிப்புதான் சுட்டது. பக்கத்தில் படுக்கவே பிடிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்று எழுதவில்லை. டபுள் டியூட்டி.

இன்று வீட்டுக்கு வந்தால் வாசலில் கார். சக்கர ஓட்டைகளின் வழியே சிவப்பாக ஏதோ. மாற்றிவிட்டார்கள். ரத்தச் சிவப்பில் பெயிண்ட் வேறு அடித்து. ரமேஷ் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுக்கிறான். ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிப் பார்த்தேன். உயிரில்லாத கை மாதிரி மேலே வந்தது. கேபிள் இதற்குச் சேரவில்லையாம். "கியர்ல போட்டு நிறுத்திக்கலாம்" என்கிறான்.

பாஸ்கருக்குப் போன் செய்தேன். வருத்தமாகப் பேசினார். "மேடம்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்கன்னு சாரும் தம்பியும் வந்து கட்டி இழுத்துட்டுப் போனாங்க. நீங்க சொன்னதா நெனச்சுத்தான் விட்டேன்."

வண்டி என் பேரில். பொய்யும் என் பேரில்.

இவரிடம் கேட்டேன். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதானாம்.

அக்டோபர் 11, சனி

எழுதிவிட வேண்டும்.

காலையில் நல்ல வெயில். மாமாவையும் அத்தையையும் ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். ரமேஷ் தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பக்கத்தில் நான். பின்னால் இவர்.

ஊர் தாண்டி வாய்க்காலை ஒட்டிய ரோடு. வெயிலைக் கண்டதும் பாதி ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஈர வைக்கோல், டிராக்டர் கொட்டிய சேறு. மெதுவாகப் போ என்றேன். இன்னும் மிதித்தான். எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி குறுக்கே. பிரேக் போட்டான்.

வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் தன்பாட்டுக்குச் சுற்றியது. கண்ணாடியில் ரோடு போய் வயல் வந்தது, வயல் போய் வாய்க்கால் வந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் பலகையைப் போட்டுவிட்டுத் தாவியது தெரிந்தது. பிறகு கரையில் ஒரு இடி. கன்று ஓடிவிட்டது. பின்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே அந்தரத்தில். கீழே கலங்கல் தண்ணீர் நிறைய ஓடுகிறது.

இறங்கி ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு முழங்கை உரிந்து ரத்தம். எலும்பில் ஒன்றும் இல்லை. செல்வி என்று பேர். தண்ணீர் ஊற்றிக் கழுவி என் துப்பட்டாவைக் கட்டினேன். அவள் நெல்லின் மேல் எங்கள் டயர்த் தடம், சேறு.

ரமேஷ் இறங்கினான். அவள் கையைப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் குனிந்து பார்த்தான், பிறகு அவளிடம் கத்தினான். ரோட்டில் நெல்லைக் கொட்டினால் வண்டி எப்படி நிற்கும் என்று. பிரேக் போட்டபோது நாங்கள் நெல்லின் மேலேயே இல்லை, வழுக்கிய பிறகுதான் ஏறினோம்.

செல்வி அவனிடம் பேசவில்லை. என்னிடம் சொன்னாள், "நான் நவுந்துட்டேங்க. கொஞ்ச முன்னாடி இந்த எடத்துல எம்புள்ள ஒக்காந்திருந்துச்சு."

இவர் வாய் திறப்பார் என்று பார்த்தேன். செல்போனில் டிராக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரமேஷ், சாவியக் குடு."

"அண்ணி, ரோடுதான்..."

"குடு."

கொடுத்தான். டிராக்டர் வந்து இழுக்கும்வரை நானும் செல்வியும் சேறு படாத நெல்லை ஒதுக்கினோம். இவரும் வந்து குனிந்தார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில் மாமாவிடம் "வண்டியில சின்ன வேலைப்பா" என்று இவர் சொன்னதைக் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நடந்ததை முழுசாகச் சொன்னேன். செல்வியின் கை, அவள் பிள்ளை, பாஸ்கரிடம் சொன்ன பொய், எல்லாம். ரமேஷ் எழுந்து போகப் பார்த்தான். மாமா உட்காரச் சொன்னார். கேட்டு முடித்து, "கல்யாணத்துக்கு நாங்க பஸ்ல போறோம். நீங்க ரெண்டு பேரும் இப்பவே அந்தப் புள்ள வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றார். இவரும் ரமேஷும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இவரும் நானும் தஞ்சாவூர், டிஸ்க் மாட்டிய நண்பனிடம். பழைய டிரம் இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. எலிப்புழுக்கை, துரு, யாரோ துப்பிய வெற்றிலை. அதற்குள் கையை விட்டு இவர் தேடி எடுத்தார். தேடட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலை பஸ், மயிலாடுதுறையில் மாறி திருக்கடையூர். அத்தைக்கு வாந்தி. மற்றபடி நன்றாக நடந்தது. கோயில் முழுக்க அறுபதுகளும் எண்பதுகளும். மாமா தாலி கட்டும்போது அத்தை வெட்கப்பட்டார். ரமேஷ் மட்டும் வழி நெடுகப் புகைகிற அடுப்பு மாதிரி முகம்.

அக்டோபர் 15, புதன்

பாஸ்கர் டிரம்மை மாட்டிவிட்டார். புது சிலிண்டர், புது ஷூ. ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது. முன்னால் பேடும் மாற்றச் சொல்லிவிட்டேன். மழை விட்ட ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓங்கி மிதித்தேன். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, நேராக நின்றது. இவர் பக்கத்தில் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி.

"இனிமே சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், பெரிய மனசு பண்ணி. என் வண்டிச் சாவியை எனக்கு.

சாயங்காலம் ரமேஷ் போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. சிவப்பு டிஸ்க்கை மன்னார்குடியில் ஒரு நண்பனுக்குக் கொடுக்கிறானாம். இதே மாடல் வண்டி. அவன் மனைவிதான் தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறாளாம். சூப்பர் கிரிப்புடா என்கிறான்.

மன்னார்குடி நண்பன் மனைவியின் நம்பரை அத்தை மூலமாக வாங்கிவிட்டேன். கூப்பிட்டேன். அவளே எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் யார் என்று சொல்லி, அந்தச் சிவப்பு பிரேக் வாய்க்கால் ரோட்டில் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.