நீ விட்டுப்போன கடைசி வீடு

என் செல்ல அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டிச் சொன்னால் நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய்.

பள்ளியில் கொடுத்த லேப்டாப்பை வைத்துப் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதுதானே உன் ஆய்வு? நீ காய்ச்சலில் படுத்தபோது முடிச்சூரில் நூர் என்ற மாணவியின் வீடு மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் காய்ச்சலிலேயே நீ எங்களை விட்டுப்போன பிறகு, உன்னோடு படித்த ஜெனிபர் அக்கா அதை முடிக்கக் கிளம்பினார். துணைக்கு நான்.

லேப்டாப் பீரோவுக்குள் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூட அப்படியே. "பாடத்துக்கு மட்டும்தாம்மா எடுப்பா, வேற எதுக்கும் தொடமாட்டா," என்றார் நூரின் அம்மா.

ஜெனிபர் அக்கா என் காதில், "கவரே பிரிக்கலடி. யூஸ் பண்ணலன்னு போட்டுட்டுக் கிளம்பலாம்," என்றார்.

அக்கா, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? அங்கே நீ கேள்வியே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, "எனக்கு இதுல ஒண்ணு சொல்லிக்குடேன்," என்றாய். அந்தப் பெண்ணின் கூச்சம் எங்கே போனதோ! உனக்கு யார் சொல்லித் தந்தது அப்படிக் கேட்க?

நானும் தரையில் உட்கார்ந்து அதையே கேட்டேன். நூர் தன் அம்மாவைப் பார்த்தாள்.

"சொன்னா திருப்பி வாங்கிக்க மாட்டீங்களே?" என்றார் அவர்.

"ஐயோ, இல்லம்மா. அது நூரோடது," என்றார் ஜெனிபர் அக்கா.

நூர் உறையை மடிப்பு மாறாமல் கழற்றினாள். தினமும் கழற்றி, தினமும் போடுவார்களாம்! திரையில் ஜாக்கெட் தைக்கும் வீடியோ. ஆங்கிலத்தில் சொல்வதை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். சென்டிமீட்டரை மனக்கணக்காகவே இன்ச்சாக மாற்றினாள்.

"இவ அளவு சொல்லுவா, நான் வெட்டுவேன்," என்று அவள் அம்மா சிரித்தார்.

"கணக்குல மார்க் ஏறிச்சா நூர்?" என்று கேட்டார் ஜெனிபர் அக்கா.

"அதான் ஏறலக்கா. எங்க மிஸ் ஜாக்கெட் அளவு கேக்க மாட்டேங்குறாங்களே!"

ஜெனிபர் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உன் ஆய்வில் இரண்டையும் எழுதினார்: மதிப்பெண் கூடவில்லை என்பதையும், நூர் தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதையும். நீயும் அப்படித்தானே எழுதியிருப்பாய்?

நானும் ஒருநாள் இப்படி வீடு வீடாகப் போவேன் அக்கா. பதிலை முன்பே முடிவுசெய்துகொண்டு யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன். சத்தியம்.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். "இன்னா பாப்பா, வூட்டுக்குப் போலயா? பூட்டணும்," என்கிறார் வாட்ச்மேன் அண்ணா. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.

உன் கூடவே நடந்து பழகிய தங்கச்சி,
மலர்