பெரிய வெள்ளைப் பூச்சி

பிப்ரவரி 9, வெள்ளி
கத்திரிச் செடிகளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் பூச்சி. மொட்டைமாடியில் பதினான்கு தொட்டி, ஆறில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிறியவை நகரவே இல்லை. சில பெரியவை, உடம்பெல்லாம் வெள்ளை இழைகளோடு ஓடுகின்றன. பெரியவற்றை முதலில் எடுக்க வேண்டும். பாக்டரி இன்ஸ்பெக்‌ஷனில் முப்பத்தோரு வருடம் அப்படித்தான் — பெரிய குறை முதலில்.

பிப்ரவரி 12, திங்கள்
குச்சியில் பஞ்சு, சோப்புத் தண்ணீர். பெரியவை இன்று 17 எடுத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்
பெரியவை 4 மட்டுமே. ஆனால் சிறியவை பத்துத் தொட்டிக்குப் பரவிவிட்டன. எங்கோ இடிக்கிறதே. எண்ணியதில் தவறா? மறுபடி எண்ணினேன். தவறில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு
கீழ் வீட்டு சொர்ணம் மாடிக்கு வந்தார். "இன்னா சார், உங்க கத்திரிக்கா பூச்சி எங்க செம்பருத்தில ஏறிக்கினு கீது. சாமிக்கு வைக்க ஒரு பூ இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடுங்க. இல்லாங்காட்டி நானே புடுங்குவேன்."
சரிம்மா என்றேன். ஏன் சரி என்றேன்? அவர் செடியிலிருந்தே இங்கே வந்திருக்கலாமே, அதைக்கூடக் கேட்கவில்லை. யாரும் சொல்லாமல் நானாகத் தொடங்கிய ஒரே காரியம் இந்தத் தோட்டம்.

பிப்ரவரி 20, செவ்வாய்
இலையை டப்பாவில் போட்டு, ஆவடியில் பஸ் மாறி, கரையான்சாவடி உரக்கடைக்குப் போனேன். கடைப் பெண் மதிவதனி, விவசாயம் படித்தவளாம். மூடியைத் திறந்ததும் சிரித்தாள்.
"சிறுசு மாவுப்பூச்சி சார், செடிச் சாறை உறிஞ்சும். இந்தப் பெருசு ஒரு பொறிவண்டோட புழு. அதுக்கு மாவுப்பூச்சிதான் சாப்பாடு. வேஷம் மட்டும் ஒண்ணு. இதைப் போய் யாராவது கொல்லுவாங்களா?"
மருந்து அடிக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.
"அடிச்சா ரெண்டும் போயிடும். பத்து நாள் சும்மா விடுங்க."
எனக்கு இருப்பது ஐந்து நாள்.
வீட்டுக்கு வந்து, இத்தனை நாளும் தினம் கொன்ற பெரியவற்றைக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. ஐயோ, தேடித் தேடி இல்ல கொன்னேன்.

பிப்ரவரி 21, புதன்
பெரியவை 3 மிச்சம். தொடவில்லை.

பிப்ரவரி 24, சனி
பெரியவை 11. சிறியவை குறைந்தாற்போல் இருக்கிறது. குறைந்ததா, இல்லை, நான் ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதா?

பிப்ரவரி 25, ஞாயிறு
சொர்ணம் கோணிப்பையோடு வந்தார். "புடுங்க மாட்டேம்மா" என்றேன். என் குரல்தானா அது? அவர் பதில் சொல்வதற்குள் லென்ஸை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பெரியது சிறியதைத் தின்பதைப் பார்த்தபடி வெகுநேரம் குனிந்திருந்தார்.
"ஐய, இன்னாமா மொக்குது!" பிறகு நிமிர்ந்து, "எது நல்லது, எது கெட்டதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா சார்?"
"புழு குட்டியா இருந்தா தெரியாதும்மா."
பொய் சொல்லியிருக்கலாமோ? காலிக் கோணிப்பையோடு இறங்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 26, திங்கள்
காலையில் மாடிக்குப் போனேன். என் தொட்டிகளுக்கு நடுவே சொர்ணத்தின் செம்பருத்தித் தொட்டி, இலைகள் கத்திரிமேல் உரசும்படி நெருக்கி வைத்திருந்தது. அதற்கும் தண்ணீர் ஊற்றினேன்.